குறுவைக்கு 110 நாள்... மனுஷனுக்கு எத்தனை? முதுமை பற்றி மரபணு ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆடுதுறை 36 விதை வாங்கும் தஞ்சாவூர் விவசாயிக்கு அந்தப் பயிரின் ஆயுள் நாற்று விடும் முன்பே தெரியும். சுமார் 110 நாள். அதுவே சி.ஆர்.1009 என்றால் 155 நாளுக்குக் குறையாது. மழை முன்னே பின்னே பெய்யலாம், மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமலும் போகலாம். ஆனால் ஒரு ரகம் எத்தனை நாளில் பழுத்து முடியும் என்பது ஏறக்குறைய விதைக்குள்ளேயே எழுதியிருக்கிறது.

மனிதர்களைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். "அவங்க பரம்பரையிலேயே யாரும் அறுபதைத் தாண்டுனது இல்ல" என்பார்கள். "அது நூறு வயசு இருக்கிற குடும்பம்" என்பார்கள். அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு என்றால், மகன் 48-வது பிறந்தநாளில் இருந்தே தூக்கம் கெட்டுத் தவிப்பதையும் பார்க்கலாம்.

நம்முடைய ஆயுளும், வயதான பிறகு வரும் இதய நோயும், சர்க்கரையும், மறதியும் நெல்லைப் போல விதையிலேயே முடிவாகிவிட்டதா? இது டெல்டாவுக்கு வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. மக்கள்தொகை கணிப்புகளின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதம் ஆகும். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, பல கிராமங்களில் வீட்டையும் வயலையும் பார்த்துக்கொள்வது வயதானவர்கள்தான்.

நெல்லும் மனிதனும் ஒன்றா?

இல்லை. நெற்பயிர் கதிர் விட்டதும் இலைகளில் இருக்கும் சத்தையெல்லாம் மணிக்கு அனுப்பிவிட்டுத் தானே மஞ்சளாகிக் காய்கிறது. இது பயிர் 'பழுதாவது' கிடையாது. அடுத்த தலைமுறை விதைக்காக அதன் மரபணுக்கள் போட்ட திட்டம் இது.

மனித உடலில் "இத்தனாவது வருஷத்தில் முடித்துக்கொள்" என்று உத்தரவு போடும் மரபணு எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆயுளில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை அளக்க இரட்டையர்களை ஆராய்வது பழைய வழி. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளின் ஆயுளை வைத்துச் செய்த ஆய்வு 1996-ல் வெளியானது. ஆயுள் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குக்குத்தான் மரபணு காரணம் என்றது அது. 2018-ல் 40 கோடிக்கும் அதிகமானோரின் குடும்ப மர விவரங்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, அதுவும் அதிகம், 10 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. கல்யாணத்தால் வந்த, ரத்த சம்பந்தம் இல்லாத உறவினர்களின் ஆயுள்கூட ஒத்துப்போனது. மனிதர்கள் தங்களைப் போன்ற வசதி, பழக்கவழக்கம் உள்ள குடும்பத்தில்தான் சம்பந்தம் பேசுகிறார்கள். ஆக, 'பரம்பரை' என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு, சம்பந்தம் பார்த்த விதம்!

இதற்கு நேர்மாறாக, விபத்து, தொற்றுநோய் போன்ற வெளிக்காரண மரணங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் மரபணுவின் பங்கு பாதி வரை வரும் என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் அண்மையில் சொல்லியிருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் நெல்லைப் போல நாள் குறித்த ஆயுள் நமக்கு இல்லை என்பதில் இவர்கள் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சிதம்பரத்தில் பிறந்தவர் கேட்ட கேள்வி

'நாம் ஏன் சாகிறோம்' என்பதையே தலைப்பாக வைத்து 2024-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் வெங்கி ராமகிருஷ்ணன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2015 முதல் 2020 வரை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார்.

முதுமை பற்றிக் கடந்த பத்து ஆண்டுகளில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருப்பதாகவும், 700-க்கும் மேற்பட்ட ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள் இதில் இறங்கியிருப்பதாகவும் அவர் குறிப்பிடுகிறார். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் எது அறிவியல், எது விளம்பரம் என்று பிரித்துக் காட்டத்தான் அந்தப் புத்தகம்.

முதுமை என்பது செல்களுக்குள்ளும் மூலக்கூறுகளிலும் சேரும் சேதம் என்பதே அவர் தரும் அடிப்படை விளக்கம். இதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்கு ஒரே ஒரு சொல் போதும்: குடிமராமத்து.

ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சரிபார்ப்பது பழைய வழக்கம். நம் உடலில் ஒவ்வொரு செல்லிலும் இந்த மராமத்து நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. வெயில், புகை, சாதாரண வேதிவினைகள் என்று எதனாலோ டிஎன்ஏ-வில் தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் சேதம் ஏற்படுகிறது. அதைக் கண்டுபிடித்து ஒட்டவைக்கத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. இந்தப் பழுதுபார்க்கும் முறைகளைக் கண்டறிந்ததற்குத்தான் 2015-ன் வேதியியல் நோபல் பரிசு தரப்பட்டது. தப்பாக மடிந்த புரதங்களை உடைத்து அப்புறப்படுத்தவும் செல்லுக்குள் ஆள் உண்டு.

இளமையில் இந்த வேலை ஜோராக நடக்கும். வயது ஏற ஏற, மராமத்து செய்யும் ஆட்களே தளர்ந்துபோகிறார்கள். தூர் சேர்கிறது. தலைப்பில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்குப் போய்ச் சேராது.

குரோமோசோம் முனைகளில் இருக்கும் டெலோமியர் தேய்வதும் இந்தச் சேதங்களில் ஒன்று. (அந்தக் கண்டுபிடிப்புக்கும் அதே 2009-ல்தான் நோபல், மருத்துவத்தில்.) 'டெலோமியர் நீளம் பார்த்து உங்கள் ஆயுளைச் சொல்கிறோம்' என்று வரும் விளம்பரங்களை மட்டும் தள்ளி வைத்துவிடலாம். அந்த நீளம் ஒரே வயதுக்காரர்களிடமே ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுபடும்.

இயற்கை ஏன் இதைச் சரிசெய்யவில்லை?

கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கெட்ட மரபணுக்களைக் கழித்துவந்த இயற்கைத் தேர்வு, முதுமை நோய்களைத் தரும் மரபணுக்களை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

இதற்கான விடையின் முதல் நுனியைப் பிடித்தவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ்.ஹால்டேன். பிரிட்டனை விட்டு 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் மறைந்த மரபியல் அறிஞர். ஹண்டிங்டன் என்று ஒரு கொடுமையான நரம்பு நோய் உண்டு. ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது. ஆனால் பெரும்பாலும் 30, 40 வயதுக்கு மேல்தான் வெளியே தெரியும். அதற்குள் அவர் கல்யாணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றிருப்பார். மரபணு அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். இயற்கைத் தேர்வு தடுக்க வரும்போது பஸ் கிளம்பிப் போய்விட்டது என்பதுதான் நிலைமை.

இதை 1950-களின் தொடக்கத்தில் பீட்டர் மெடவார் முழுக் கோட்பாடாக விரித்தார். பிள்ளைப்பேறு முடிந்த வயதுக்குப் பிறகு மட்டுமே தொல்லை தரும் கோளாறுகள், தட்டிக்கேட்க ஆளில்லாமல் மனித இனத்தில் சேர்ந்துகொண்டே போகும். 1957-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் இன்னொரு படி மேலே போனார்: இளமையில் நன்மை செய்யும் மரபணுவே முதுமையில் தீமை செய்யலாம், இயற்கை அதைக் கழிப்பதற்குப் பதிலாக வளர்த்தே விடும் என்றார்.

புத்தகக் கோட்பாடு போலத் தெரிகிறதா? இதற்கு உலகமே மேற்கோள் காட்டும் உதாரணம் ஒன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே கிடைத்தது.

நூறில் நான்கு பேர்: 25 எழுத்து காணாமல் போன கதை

2009 ஜனவரியில் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை எஸ்.தண்டபாணி உள்ளிட்ட பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தது.

இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதத்துக்கான மரபணுவின் பெயர் எம்ஒய்பிபிசி3. இந்த மரபணுவில் வரிசையாக 25 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. (டிஎன்ஏ-வை நான்கே எழுத்துகளால் எழுதிய நீண்ட வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் போதும்.) இந்த விடுபடல், இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருந்தது. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியாவிலும் காணப்பட்டது. உலகின் மற்ற பகுதிகளில் ஏறக்குறைய இல்லை. சுமார் 33 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், யாரோ ஒருவரிடம் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கல்லணையும் பெரிய கோயிலும் நேற்று வந்தவை என்று சொல்லும் அளவுக்குப் பழையது.

இதய வீக்கமோ இதயச் செயலிழப்போ வரும் வாய்ப்பு, இந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சுமார் 7 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு.

7 மடங்கு ஆபத்தைத் தரும் ஒரு கோளாறு, 33 ஆயிரம் ஆண்டுகளாக எப்படித் தப்பிப் பிழைத்து நூறில் நான்கு பேர் வரை பரவியது? இங்கேதான் ஹால்டேனும் மெடவாரும் திரும்ப வருகிறார்கள். இதை வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு 45 வயது வரை ஒன்றும் தெரிவதில்லை. நாற்று நடுவார்கள், மூட்டை தூக்குவார்கள், பிள்ளை பெறுவார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான்.

ஏன் 45 வரை தெரிவதில்லை? ஆய்வாளர்கள் அப்போது சொன்ன விளக்கம் மறுபடியும் மராமத்துதான். இந்த விடுபடலால் இதயத் தசையில் கொஞ்சம் கோணலான புரதம் தயாராகிறது. இளமையில் செல்லின் துப்புரவு ஏற்பாடு அதை உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. வயது ஏறி அந்த ஏற்பாடு தளரும்போது, கோணல் புரதம் தேங்க ஆரம்பிக்கிறது.

செய்தி வந்ததும் 'இந்தியர்களின் இதய நோய் மரபணு' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. கதை அதோடு முடியவில்லை. தொடர்ந்து வந்த ஆய்வுகள் அந்தத் தலைப்பைக் கணிசமாகத் திருத்தின என்பது அவ்வளவாகச் செய்தியாகவில்லை.

2018-ல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் நடத்திய ஆய்வில், இந்த 25 எழுத்து விடுபடல் உள்ளவர்களில் சிலரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் கூடவே இருப்பது தெரிந்தது. 2020-ல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: இதயத் தசை தடிப்பு நோயைப் பொறுத்தவரை, விடுபடல் மட்டும் இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து தெரியவில்லை. அதன் பக்கத்திலேயே, ஒரு சிறு பங்கினரிடம் மட்டும் இருக்கும் இன்னொரு எழுத்து மாற்றமே உண்மையான குற்றவாளி.

எளிதாகச் சொன்னால், ஒரு தெருவில் நிறைய வீடுகளில் சிவப்புக் கதவு. திருடன் இருப்பது அதில் ஒன்றிரண்டு வீட்டில். முதலில் பார்த்தவர்கள் சிவப்புக் கதவு வீடெல்லாம் ஆபத்து என்று நினைத்துவிட்டார்கள்.

நூறில் நான்கு தமிழர்களுக்கு 'இதயத்தில் வெடிகுண்டு' என்பது போன்ற யூடியூப் தலைப்புகளை இதை வைத்துத்தான் எடை போட வேண்டும். முதல் ஆய்வு தப்பு என்று அர்த்தம் இல்லை. தெற்காசிய மரபணுக்களை யாருமே சரியாகப் பார்க்காத காலத்தில், பார்க்க வேண்டிய தெரு எது என்று காட்டியது அதுதான்.

சொந்தத்தில் கல்யாணம்: இதில் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு நகல். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு நகலில் கோளாறு இருந்தாலும் மற்றொன்று சமாளித்துவிடும். இரண்டு நகலிலும் ஒரே கோளாறு வந்தால்தான் பல நோய்கள் முழு உருவம் காட்டும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே நகல் இரண்டு பக்கமும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் மணந்த பெண்கள் சுமார் 28 சதவீதம்.

சொந்தம் இல்லாவிட்டாலும், ஒரே சாதிக்குள் நூற்றாண்டுக் கணக்காகக் கல்யாணம் செய்தாலும் இதே விளைவு மெதுவாக வரும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள பல தெற்காசியச் சமூகங்கள்கூட, மரபணுக் கணக்கில் ஒரு சிறு கூட்டத்திலிருந்து வந்தவையாகவே இருக்கின்றன என்று காட்டியது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பாவையும் கிச்சிலிச் சம்பாவையும் கலக்காமல் தனித்தனி விதையாகக் காப்பாற்றுவார்களே, கிட்டத்தட்ட அதையே மனிதர்கள் தங்களுக்குச் செய்துகொண்டார்கள். நெல்லுக்கு அது பெருமை. மனிதனுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இதனால்தான் ஐரோப்பியர்களின் மரபணுக்களை வைத்துப் போட்ட நோய்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கப்பட்டதுதான் 'ஜீனோம் இந்தியா' திட்டம். 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10 ஆயிரம் பேரின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

சர்க்கரை: சோறா, மரபணுவா?

டெல்டாவில் வயதோடு வரும் நோய் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சர்க்கரைதான். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாடு முழுக்கச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

இதிலும் மரபணு உண்டு. டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு மாற்றம் சர்க்கரை வாய்ப்பைக் கூட்டுவதை 2006-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே சென்னையில் நடந்த ஆய்வு நம்மிடமும் அது அப்படித்தான் என்று உறுதி செய்தது. ஆனால் அதன் பலம் என்ன தெரியுமா? ஒரு நகல் இருந்தால் வாய்ப்பு ஒன்றேகால், ஒன்றரை மடங்குக்குள்தான் கூடும். இதுபோல நூற்றுக்கணக்கான மாற்றங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. ஒற்றை 'சர்க்கரை மரபணு' என்று ஒன்று இல்லை.

சோற்றின் பங்கையும் பார்த்துவிடலாம். 21 நாடுகளில் 1 லட்சத்து 32 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-ல் வந்தது. தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குள் நிறுத்தியவர்களைவிட சர்க்கரை வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகமாக இருந்தது. 450 கிராம் என்பது பெரிய அளவு மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஆய்வில் தெற்காசியர்கள் சாப்பிட்ட சராசரியே நாளுக்குச் சுமார் 630 கிராம்! தஞ்சாவூரில் மத்தியானம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிடுகிறவர் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

மரபணு மாறவில்லை. தாத்தாவுக்கு இருந்ததே பேரனுக்கும். மாறியது வேறு. தாத்தா ஏர் ஓட்டினார், பறித்து நட்டார், கட்டு சுமந்தார். பேரனுக்கு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன, தட்டில் சோறு மட்டும் தாத்தா அளவிலேயே இருக்கிறது.

சர்க்கரை மாத்திரை ஆயுளைக் கூட்டுமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அந்தப் பையில் இருக்கும் மெட்ஃபார்மின்தான் அமெரிக்காவில் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்தாகப் பேசப்படுகிறது என்பது பாட்டிமார்கள் பலருக்குத் தெரியாது.

பின்னணி இது. 1993-ல் சிந்தியா கென்யன் என்ற விஞ்ஞானி, மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய புழுவில் ஒற்றை மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரட்டிப்பாக்கினார். அந்த மரபணு இன்சுலின் போன்ற சமிக்ஞையோடு தொடர்புடையது. 'சாப்பாடு நிறைய இருக்கிறது, வளரு' என்ற அந்தச் சமிக்ஞையைக் குறைத்தால் உடல் மராமத்துப் பக்கம் திரும்புகிறது என்று தெரியவந்தது. அதன் பிறகு அந்தப் பாதையைத் தொடும் மருந்துகள் எல்லாம் கவனத்துக்கு வந்தன. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து எடுத்த ராபமைசின், எலிகளின் ஆயுளைக் கூட்டுவது 2009-ல் நிரூபணமானது. ஆனால் அது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, உறுப்பு மாற்று நோயாளிகளுக்குக் கொடுப்பது.

மெட்ஃபார்மின் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகள், சர்க்கரையே இல்லாதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்ததாக 2014-ல் பிரிட்டன் தரவு ஒன்று சொன்னது. பரபரப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. 2022-ல் டென்மார்க் தரவை வைத்து அதே கணக்கைப் போட்டபோது அந்த நன்மை தெரியவில்லை. நேரடியாகச் சோதித்துப் பார்க்க நியூயார்க்கில் திட்டமிட்ட ஆய்வு பணம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுபறியானது. காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரையில் யார் பணம் போடுவார்கள்?

ஆக, சர்க்கரை உள்ளவர்கள் மெட்ஃபார்மினை நிறுத்தக்கூடாது. சர்க்கரை இல்லாதவர்கள் ஆயுளுக்காக அதை வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

மறதி நோய்

இங்கே ஒரு மரபணு கொஞ்சம் பலமாகவே பேசுகிறது. ஏபிஓஇ என்ற மரபணுவின் 4-ம் வகை இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு கூடும், இரண்டு நகல் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அது இருந்தும் கடைசி வரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு, அது இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. கர்நாடகாவின் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில், 45 வயதைத் தாண்டிய கிராம மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன வளாகத்து மூளை ஆய்வு மையம் நடத்துகிறது. விவசாயம் பார்க்கும் கிராமத்து மூளை எப்படி முதுமை அடைகிறது என்பதற்கு உலகில் தரவே மிகக் குறைவு என்பதால் இது முக்கியம்.

அப்படின்னா மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

எச்சிலை அனுப்பினால் 'உங்கள் எதிர்கால நோய்கள்' என்று ரிப்போர்ட் தரும் கிட்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. மேலே சொன்ன சிவப்புக் கதவுக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும். 25 எழுத்து விடுபடல் இருக்கிறது என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து ஒருவர் என்ன செய்ய முடியும்? பயப்படத்தான் முடியும்.

அதைவிடப் பயனுள்ள ஒரு 'டெஸ்ட்' செலவில்லாமல் வீட்டிலேயே இருக்கிறது. குடும்பத்தில் யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்ற விவரம். "தூக்கத்துலயே போயிட்டாரு", "வரப்புல நடந்துகிட்டிருக்கும்போதே விழுந்துட்டாரு" என்று சொல்லப்படும் மரணங்கள், குறிப்பாக இளவயதிலோ நடுவயதிலோ நடந்தவை, ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குப் பரம்பரை இதயத் தசை நோய் உறுதியானால், பெரும்பாலான வகைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு மாற்றம் வரச் சரிபாதி வாய்ப்பு. அப்படிப்பட்டவர்களுக்கு இசிஜி, எக்கோ பரிசோதனைகளும், தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மரபணுப் பரிசோதனையும் உண்மையிலேயே பயன்படும். எக்கோவில் ஊசியோ கத்தியோ கிடையாது. ஸ்கேன் போலத்தான்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இதே இதயத் தசை தடிப்பு நோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒருவருக்கு, 'இது மரபணு நோய், பாலிசியில் வராது' என்று சொல்லிப் பணம் மறுக்கப்பட்டது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மரபணு நோய் என்ற பொதுவான காரணத்தைக் காட்டி ஒருவரைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்குவது பாரபட்சம் என்று 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அந்தக் காரணத்தை மட்டும் வைத்து கிளைம்களை நிராகரிக்கக்கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. விவகாரம் அதன் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய பாலிசி வைத்திருப்பவர்கள், விலக்கு நிபந்தனைகள் இருக்கும் பக்கத்தில் 'மரபணு நோய்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, இருந்தால் ஏஜெண்டிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.